பிரதியும் சாம்பலும்: வட்டில் வரும் படத்தை மதிப்பிடுவது பற்றி

1

'பிரிண்ட் எப்படி?'

இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் பர்மா பஜாரிலும் ஊருக்கு ஊர் முளைத்த சிடி கடைகளிலும் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். படம் எப்படி என்று யாரும் கடைக்காரரைக் கேட்பதில்லை, அது வாங்குகிறவருக்கே தெரியும். 'கேமரா பிரிண்டா, ஒரிஜினலா?' 'தியேட்டர் பிரிண்ட்தான், ஆனா நல்லாருக்கும்.' இந்த உரையாடலை அறியாமை என்று சிரித்துத் தள்ளியவர்கள் நம்மில் உண்டு. யோசித்துப் பார்த்தால், இன்று வட்டுகளுக்கு ஐந்து நட்சத்திரம், நாலரை நட்சத்திரம் என்று போடுகிற விமர்சகரைவிட அந்தக் கடையில் நின்றவர் விஷயத்துக்கு நெருக்கமாக இருந்தார். கையிலிருப்பது எதிலிருந்து எடுக்கப்பட்டது, இதன் மூதாதை யார் என்றுதான் அவர் கேட்டார். அது வம்சாவளி பற்றிய கேள்வி. நட்சத்திரம் போடுகிறவர் அதைக் கேட்பதே இல்லை. 'சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு' என்பதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் 'பிரதி' என்ற சொல்லைப் போட்டுப் புரட்டியெடுத்தன. படைப்பு இல்லை, பிரதிதான். ஆசிரியன் இல்லை, வாசகன்தான். சரி. ஆனால் அந்தச் சண்டையில் ஒன்றை மறந்தோம். தமிழில் பிரதி என்றால் நகல் என்றும் பொருள். ஏட்டைப் பார்த்து எழுதியது பிரதி. பத்திரத்துக்குப் பிரதி உண்டு. தியேட்டருக்கு வந்ததும் ஒரு பிரதிதான். மூலம் எங்கோ ஒரு பெட்டியில் இருக்க, நாம் எல்லோரும் பார்த்தது நகலின் நகலை. அர்த்தம் எங்கே உற்பத்தியாகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அந்த அர்த்தத்தைச் சுமந்து வந்த செல்லுலாய்டு எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை.

நமக்கு இதற்கான மரபு இல்லாமல் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் செய்தது என்ன? ஊர் ஊராகப் போய் ஏடு திரட்டினார், ஒப்பிட்டார், பாடபேதம் குறித்தார். செல்லரித்த இடத்தில் சொந்தச் சரக்கைப் போட்டு நிரப்பாமல் புள்ளி வைத்தார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் இன்றுவரை இல்லை. இல்லை என்பது எண்ணோடு அச்சில் இருக்கிறது. திரைப்பட வட்டும் ஒரு பதிப்புதான். அதை மதிப்பிடுவது பதிப்பு விமர்சனம். எந்த ஏடு, எது பாடபேதம், எது இடைச்செருகல், சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர் என்ன செய்தார் என்ற கேள்விகள் அப்படியே இங்கும் பொருந்தும்.

2

இந்தக் கேள்விகளோடு ஒரே ஒரு வெளியீட்டை எடுத்துக்கொள்கிறேன். சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்று: பதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959). அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015 நவம்பரில் இவற்றை ப்ளூ-ரே வட்டுகளாக வெளியிட்டது.

இந்த வட்டுகளுக்குப் பின்னால் ஒரு தீ இருக்கிறது. 1992இல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். சில வாரங்களில், ஏப்ரல் 23 அன்று, அவர் இறந்துபோனார். படங்களைக் காப்பாற்றும் வேலை தொடங்கியது. 1993இல் மூல நெகடிவ்கள் கல்கத்தாவிலிருந்து லண்டனிலுள்ள ஹெண்டர்சன்ஸ் லேபுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஜூலையிலேயே அங்கே நைட்ரேட் பிலிம் வெடித்துத் தீப்பிடித்தது. பிரிட்டிஷ் படங்கள் பலவற்றின் நெகடிவ்களோடு ராயின் நெகடிவ்களும் எரிந்தன. பாதுகாக்கக் கொண்டுபோன இடத்திலேயே எரிந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 'இங்கேயே இருந்தால் அழியும், மேற்கே போனால் பிழைக்கும்' என்று பாடம் படிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருகியது, உருகி ஒட்டிக்கொண்டது, துண்டு துண்டானது என ராயின் படங்களைச் சேர்ந்த அத்தனையையும் யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்க அகாதமியின் பட ஆவணக்காப்பகம் அவற்றை வாங்கி டப்பாக்களில் வைத்தது. அவற்றை வைத்து எதுவும் செய்யும் தொழில்நுட்பம் அப்போது கிடையாது. இருபது வருடம் சும்மா கிடந்தன. 2013இல் கிரைட்டீரியன் வேலையைத் தொடங்கியபோது அந்தக் கருகிய சுருள்கள் இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேபுக்குப் போயின. உலர்ந்து நொறுங்கும் பிலிமுக்கு மறுபடி ஈரம் ஏற்றினார்கள். உருகிய ஒட்டுநாடாவையும் பசையையும் மெழுகையும் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்துத் துளைகளைக் கையால் மறுபடி கட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் கைவேலை. கம்ப்யூட்டர் அதற்கப்புறம்தான் வருகிறது.

விளைவு என்ன? பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதம், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேல் மூல நெகடிவிலிருந்தே எடுக்க முடிந்தது. அபுர் சன்சாருக்கு அதுவும் இல்லை. மிஞ்சியிருந்த சுருள்கள் பயன்படுத்த முடியாத அளவு கெட்டிருந்தன. அந்தப் படம் முழுக்க ஃபைன் கிரெய்ன் மாஸ்டரிலிருந்தும் டூப் நெகடிவிலிருந்தும் உருவாக்கப்பட்டது. மற்ற இரண்டு படங்களின் மிச்சப் பகுதிகளுக்கும் வேறு ஆவணக்காப்பகங்களில் இருந்த நகல்களே கைகொடுத்தன.

பிலிமில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு விலை உண்டு. மூல நெகடிவிலிருந்து மாஸ்டர் பாசிடிவ், அதிலிருந்து டூப் நெகடிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் நுட்பம் குறையும், கிரெய்ன் தடிக்கும், கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவிலிருக்கும் சாம்பல் நிறங்கள் மெலியும். ஆக இந்த மூன்று வட்டுகளும் ஒரே தரமாக இருக்க வாய்ப்பே இல்லை. ஒரே படத்துக்குள்ளேயே ஷாட்டுக்கு ஷாட் மூதாதை மாறுகிறது. கவனித்துப் பார்க்கிற கண்ணுக்கு நாணல் வெளுப்பதும் முகம் சற்றுத் தட்டையாவதும் தெரியும். இது குறையல்ல, படத்தின் வரலாறு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரம் போடுகிற விமர்சனம் இந்த வரலாற்றை அழித்துவிட்டுத்தான் பாராட்டத் தொடங்குகிறது.

வெளியீட்டாளர்கள் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தார்கள். எது எதிலிருந்து வந்தது என்று சொன்னார்கள், தீயை மறைக்கவில்லை. ஆனால் சாமிநாதையரின் புள்ளிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வாசிக்கிறபோதே இங்கே ஒன்று இல்லை என்று தட்டுப்படும். வட்டில் அந்தத் தையல், ஓடுகிற படத்தில் தெரியாதபடி மூடப்பட்டிருக்கிறது. தகவல் படத்துக்கு வெளியே, துணைக் குறிப்பாக இருக்கிறது. படத்தை நிறுத்தி நிறுத்திப் புள்ளி வை என்று நான் கேட்கவில்லை. அப்படி வைத்தால் படம் ஓடாது. எந்தெந்தப் பகுதி எந்த மூலத்திலிருந்து என்ற முழு அட்டவணையை, பாடபேதப் பட்டியல் மாதிரி, வட்டிலேயே தனியாகப் போட என்ன தடை?

3

இனி 'சுத்தம்'.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் பிம்பம் என்பது வெள்ளித் துகள்கள்தான். கிரெய்ன் பிம்பத்தின் மேல் படிந்த அழுக்கல்ல. அதை எடுத்துவிட்டால் அடியில் தூய பிம்பம் ஒன்று இருக்கும் என்பது மாயை. துகளை எடுத்தால் முகமும் போகும். கீறல், தூசு, கறை ஆகியவை வேறு. அவை பிலிமின் மேல் பிறகு வந்து சேர்ந்தவை, அவற்றை நீக்கலாம். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத 'நாய்ஸ் ரிடக்ஷன்' மென்பொருளும் 'புள்ளி புள்ளியா இருக்குதே' என்று முகம் சுளிக்கிற ரசனையும் ஒரே அச்சில் வார்த்தவை.

2010இல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூ-ரே இதற்குப் பேர்போன சாட்சி. காட்டில் வியர்த்து வழியும் ராணுவ வீரர்கள் மெழுகு பொம்மைகளாக நின்றார்கள். அது ஹாலிவுட் மசாலாதானே, போனால் போகட்டும் என்று விடலாம். இதே கருவியைப் பதேர் பாஞ்சாலியின் இந்திர் தாக்ருண் கிழவி மீது ஓட்டினால் என்ன ஆகும்? அந்த வேடத்தில் நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயதை ஒட்டி. படம் வெளிவருமுன் இறந்துபோனார். பொக்கை வாய், கூன், முகம் முழுக்கச் சுருக்கம். மென்பொருளுக்குச் சுருக்கமும் கிரெய்னும் ஒன்றுதான், இரண்டையும் தேய்த்துவிடும். கிழவி இளமையாகிவிடுவாள், அவள் பட்ட பசியும் சேர்ந்து அழிந்துவிடும். வறுமையைப் பற்றிய படம் வறுமையின் தோலைக் கழுவிக்கொண்டு வந்து நிற்கும். கிரைட்டீரியன் வட்டில் அந்த விபத்து நடக்கவில்லை. சுருக்கங்கள் சுருக்கங்களாகவே இருக்கின்றன, துகள்கள் அசைகின்றன. என் கணக்கில் இந்த வெளியீட்டின் முதல் தகுதி இதுதான்.

சுத்தத்தின் மீது ஏன் இவ்வளவு மோகம்? ரசனை மட்டும் காரணமில்லை, துட்டும் காரணம். கிரெய்ன் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவது. முன் சட்டகத்தைப் பார்த்து அடுத்ததை ஊகிக்கிற வீடியோ சுருக்க முறைக்கு அது பெரிய இம்சை. அதைத் தக்கவைக்கக் கூடுதல் இடம் வேண்டும். எடுத்துவிட்டால் இடம் மிச்சம், அலைவரிசை மிச்சம், காசு மிச்சம். ஓடிடி காலத்தில் கதை இன்னும் ஒரு படி போயிருக்கிறது. ஏவி1 என்ற சுருக்க முறையில், அனுப்பும் இடத்தில் கிரெய்னை எடுத்துவிட்டு, பார்க்கிறவர் வீட்டில் செயற்கைக் கிரெய்னைத் தூவிக்கொள்ள வசதி உண்டு. பிலிம் மாதிரித் தெரியும், ஆனால் அந்தத் துகள் அந்த நாள் அந்த வெயிலில் விழுந்த துகள் இல்லை. எளிமையாகச் சொன்னால் இடைச்செருகல்.

நம் பக்கத்துக் கதை இன்னும் பச்சையானது. விசிடியில் ஒரு சட்டகத்துக்கு 352க்கு 288 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 1920க்கு 1080, அதாவது சுமார் இருபது மடங்கு. குளத்து நீர்மேல் பூச்சிகள் ஆடும் ஷாட் பதேர் பாஞ்சாலியில் உண்டு. விசிடி அதைச் சதுரம் சதுரமாகப் பிய்த்துப் போடும். ஒரே டிவிடியில் மூன்று படம் என்று விற்றதெல்லாம் சுருக்கத்தின் மேல் சுருக்கம். அதற்கு மேல் மூலையில் கம்பெனி முத்திரை, நடுவில் ஓடும் விளம்பரப் பட்டை.

கண்ணுக்குத் தெரியாத திருட்டு ஒலியில் நடக்கும். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றிய பால் வீடியோ முறைக்கு 25. பல டிவிடிகளில் படத்தை அப்படியே வேகமாக ஓட்டிப் பதிந்தார்கள். 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சும் இசையும் கிட்டத்தட்ட அரைச்சுர அளவு ஏறிவிடும். ரவிசங்கரின் சிதாரை இப்படிச் சுருதி ஏற்றிக் கேட்டுவிட்டு அதன் நுட்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்கள் இருக்கக்கூடும். துர்கா இறந்த சேதி தெரியாமல் ஊர் திரும்பிய ஹரிஹரன் சேலையை எடுத்து நீட்டும்போது சர்வஜயா உடைந்து அழுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அங்கே தார் ஷெனாய் அலறுகிறது. இரைச்சல் நீக்குகிறேன் என்று அந்த உச்ச ஒலியை மழுக்கினால் அழுகையையே மழுக்கியதாகும்.

4

'இயக்குநரே பார்த்து அங்கீகரித்தது' என்று வட்டின் அட்டையில் போட்டிருந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? ஆசிரியன் செத்துவிட்டான் என்று அறிவித்த கோட்பாட்டாளர்கள் கவனிக்கவும். ஆசிரியன் வணிக முத்திரையாக உயிர்த்தெழுந்து வட்டின் அட்டைமேல் உட்கார்ந்திருக்கிறான்.

1971இல் வந்த 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்' படத்தை 2009இல் ப்ளூ-ரேக்குத் தயாரித்தபோது இயக்குநர் வில்லியம் பிரீட்கின் நிறங்களை மாற்றினார். படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் பகிரங்கமாகவே கண்டித்தார். 2012இல் நிறம் திருத்திய வேறு வட்டு வந்தது. வோங் கார்-வாய் தன் படங்களை 2021இல் தொகுப்பாக வெளியிட்டபோது பலவற்றின் நிறத்தையும் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டக அளவையும் மாற்றினார். இவை பழைய படங்கள் அல்ல என்று தானே சொல்லவும் செய்தார். மாற்றட்டும், அது அவர் உரிமை. ஆனால் பழைய நிறத்தில் படத்தைப் பார்த்து அதில் தன் இளமையை வைத்துவிட்ட பார்வையாளனிடமிருந்து பழைய பிரதியைப் பிடுங்க அவருக்கு உரிமை உண்டா? புதியது வந்ததும் பழையது சந்தையிலிருந்து மறைகிறது. திருத்திய பதிப்பு வரும்போது முதல் பதிப்பு நூலகத்தில் இருக்கும். சினிமாவுக்கு அப்படி ஒரு நூலகம் பெரும்பாலோருக்கு இல்லை.

அபு படங்களில் ராயும் இல்லை, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவும் (இறப்பு 2001) இல்லை. அங்கீகரிக்க ஆளில்லாத இடத்தில் சாட்சியங்களைத்தான் நம்ப வேண்டும், அதனாலேயே வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சோதனை சொல்கிறேன். அபராஜிதோவில் காசி வீட்டின் முற்றம் ஸ்டூடியோவில் போட்ட செட். மேலிருந்து வானத்து வெளிச்சம் இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும். மித்ரா மேலே துணி கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பி விட்டார். நிழல் விழாத, பரவிய, மங்கலான பகல். உலகச் சினிமாவில் பிறகு வழக்கமாகிப்போன உத்தியை அன்று ஒரு இளைஞர் தேவைக்காகக் கண்டுகொண்டார். தொலைக்காட்சிக் கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கான்ட்ராஸ்டைக் கூட்டினால் முதலில் சாவது இந்த வெளிச்சம்தான். வட்டில் அந்த முற்றத்தைப் பாருங்கள். சுவருக்கும் முகத்துக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறம் எண்ண முடிகிறது? முடிகிறதென்றால் அது நல்ல வட்டு. மற்றதெல்லாம் அப்புறம்.

சட்டகமும் இப்படித்தான். 1.37 விகிதத்தில் எடுத்த பழைய படத்தை அகலத் தொலைக்காட்சிக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் ஏறக்குறைய கால் பங்கு பிம்பம் போய்விடும். 'பக்கத்துல கறுப்பா வருது, காசு குடுத்த திரை வீணாகுது'ன்னு கேட்கிறவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: அந்தக் கறுப்புதான் நேர்மை.

5

களத்தில் வேலை செய்யும் தோழர்கள் இதுவரை படித்துவிட்டு எரிச்சலடைந்திருப்பார்கள். 'ஜனங்களுக்குப் படமே கெடைக்கல, நீங்க துகளை எண்ணிக்கிட்டு இருக்கீங்க. உள்ளடக்கம் போய்ச் சேந்தா போதாதா?' நியாயமான கேள்வி. எங்கள் தலைமுறையில் பலருக்கு ராய் போய்ச் சேர்ந்ததே தேய்ந்த 16 எம்எம் பிரிண்டிலும் விசிடியிலும்தான். அந்தத் தேய்ந்த பிரதிகள் செய்த வேலையை எந்த 4கேயும் செய்யவில்லை. சேகரிப்பாளர்களின் பெருமிதத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் தேய்ந்த பிரதி போதும் என்பது நாம் எடுத்த முடிவா, நமக்காக வேறு யாரோ எடுத்ததா?

இதைப் பாருங்கள். உதய் சங்கரின் 'கல்பனா' (1948) சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்ட படம். உலக சினிமா ஃபவுண்டேஷன் பொலோன்யாவில் அதை மீட்டெடுத்து 2012இல் கான் விழாவில் காட்டியது. 2022இல் கிரைட்டீரியனின் தொகுப்பு ஒன்றில் ப்ளூ-ரேயாக வந்தது. அந்த வட்டுக்கு ஏ மண்டலப் பூட்டு. இந்தியா சி மண்டலம். சென்னையில் எடுத்த படத்தின் நல்ல பிரதி, சென்னைக் கடையில் முறையாக வாங்கிய கருவியில் ஓடாது. இந்தப் பூட்டைப் படத்தின் தரம் பற்றிய பேச்சிலிருந்து எப்படி விலக்க முடியும்? அபு ப்ளூ-ரேக்களுக்கும் அதே பூட்டுதான். துணைத்தலைப்பு ஆங்கிலத்தில் மட்டும். வங்காளமும் ஆங்கிலமும் தெரியாத தமிழருக்கு அந்த 1080 வரிகளில் ஒரு வரிகூட இல்லை. எட்டாத வட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போடும்போது அந்த ஐந்தில் யார் பங்கு எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) நம்மிடம் இல்லை. நடராஜ முதலியாரின் மௌனப் படம் 'கீசக வதம்' இல்லை. வெள்ளிக்காகக் கழுவப்பட்டும் கவனிப்பாரற்று உளுத்தும் போன பிலிம்களின் நாடு இது. 2003இல் புனேயில் தேசிய ஆவணக்காப்பகத்தின் நைட்ரேட் பிலிம்களும் எரிந்தன. தமிழில் மீட்டெடுப்பு என்ற சொல் பெரும்பாலும் மறுவெளியீட்டு வசூலோடு சேர்ந்துதான் காதில் விழுகிறது. 2012இல் டிஜிட்டலாக மறுபடி வந்த 'கர்ணன்' ஓடியதும் வரிசையாகப் பழைய படங்கள் வந்தன. சந்தோஷம். ஆனால் எந்த நெகடிவிலிருந்து, எத்தனையாவது தலைமுறை, எது மாற்றப்பட்டது, ஒலி புதிதாக அடிக்கப்பட்டதா என்று விளம்பரமும் சொல்லவில்லை, நம் விமர்சகர்களும் விரட்டிக் கேட்கவில்லை. சங்கப் பாட்டுக்குப் பாடபேதம் கேட்கிற சமூகம் சினிமாவுக்குக் கேட்பதில்லை, ஏனென்றால் சினிமாவை அது இன்னும் பிரதியாக மதிக்கவில்லை.

6

ஆகவே வட்டை மதிப்பிடுகிறவர் முதலில் மூலத்தைச் சொல்லட்டும். நெகடிவா, டூப்பா, தியேட்டர் பிரிண்டா என்று தெரியாவிட்டால் வெளியீட்டாளர் சொல்லவில்லை என்பதையே எழுதட்டும், அதுவும் ஒரு தீர்ப்பு. கழுவியது எது, விட்டுவைத்தது எது என்று ஒரு முகத்தையும் ஒரு இருட்டையும் காட்டி எழுதட்டும். சட்டகம் முழுசா, ஓட்டம் எத்தனை நிமிடம், சுருதி சரியா என்று பார்க்கட்டும். கடைசியாக, விலை என்ன, எந்த ஊர்க் கருவியில் ஓடும், எந்த மொழிக்காரர் பார்க்கலாம் என்பதையும் தரத்தின் கணக்கிலேயே சேர்க்கட்டும்.

அந்தக் கணக்கில் அபு வட்டுகள் மூலத்தைச் சொன்னதில் தேறுகின்றன, துகளைக் காத்ததில் நன்றாகவே தேறுகின்றன, பூட்டிலும் மொழியிலும் தோற்கின்றன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வட்டுகளின் தரம் 2013இல் ஸ்கேனர் முன்னால் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. 1993இல் யாரோ ஒரு ஊழியர் கருகிய டப்பாவைக் கையில் எடுத்து, இது எதற்கும் ஆகாது என்று தெரிந்தும், தூக்கிப் போடாமல் எண் எழுதி அலமாரியில் வைத்தாரே, அப்போதே பாதி தீர்மானமாகிவிட்டது. நம்ம ஊர் லேப்களிலும் தயாரிப்பாளர் வீட்டுப் பரணிலும் உப்பிக் கிடக்கிற டப்பாக்களுக்கு எண் எழுதப் போவது யார்?